திருப்போரூரில் முதலிடம், அடையாறில் ஆளே இல்லை

தமிழ்வாணனுக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்தால் நான் மறைத்துவிட்டதாக நினைப்பீர்கள். அவன் தொழில் நீச்சல் குளங்களைச் சுத்தம் செய்து பராமரிப்பது. இடுப்பளவு நீர்வரை இறங்குவான். அதற்கு மேல் ஆழமென்றால் கரையில் நின்று நீளமான கோலை விட்டுத் துழாவுவான். யாராவது கிண்டல் செய்தால், "தோசை சுடறவன் இன்னா, கல்லு மேல ஏறிக் குந்திக்கினா சுடறான்?" என்று கேட்பான்.

அவன் என் மனைவி சுஜாதாவின் தம்பி. திருப்போரூரை ஒட்டிய தண்டலத்தில் வீடு. நெல் விளைந்த நிலத்தில் பாதி மனைகளாகி, மஞ்சள் வண்ணக் கற்கள் நட்டு, 'நகர்' என்று பெயரும் வாங்கிவிட்டது. மீதிப் பாதியில் நெல்லும் இல்லை, நகரும் இல்லை. தமிழ்வாணன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே விருந்தினர் மாளிகையில் ஒரு நீச்சல் குளம். அதன் மோட்டார் பழுதானபோது இவனைக் கூப்பிட்டு விட்டார்கள். மோட்டாரைச் சரிசெய்தவன் குளத்தைப் பார்த்தான், குளம் இவனைப் பார்த்தது. சிலருக்குக் காதல் இப்படித்தான் வரும். போன வருடம் வேலையை விட்டான். ஒரு குட்டி யானை வண்டி, பம்பு, குழாய், குளோரின் டப்பாக்கள் சகிதம் முதலாளியானான்.

ஒரே ஒரு சிக்கல். திருப்போரூரில் கோயில் குளம் இருக்கிறது, நீச்சல் குளம் இல்லை. நீச்சல் குளமெல்லாம் நெம்மேலிச் சாலையில் உப்பங்கழியைத் தாண்டி, கடலோரம் இருக்கிறது. கடலுக்கு எதிரே வீடு கட்டி, கடலைப் பார்த்தபடி உட்கார ஒரு குளத்தையும் கட்டி, இரண்டிலும் இறங்காதவர்கள் அந்த வீடுகளின் சொந்தக்காரர்கள். அவர்களும் அங்கே குடியிருப்பதில்லை. அடையாறு, அண்ணா நகர், பெங்களூரு, ஒன்றிரண்டு பேர் நியூஜெர்சி. எப்போதாவது வருவார்கள். தண்ணீர் பச்சையாகியிருப்பதைப் பார்த்து அலறுவார்கள். ஆக, குளம் ஓரிடம், குளத்துக்காரர் ஓரிடம், குளம் கழுவுகிறவன் மூன்றாவது இடம். இதைப் பார்த்த மாத்திரத்தில் யாருக்காவது ஏதாவது உறைத்திருக்க வேண்டுமென்றால், அது எனக்குத்தான். நான் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் புவியியல் பேராசிரியன். 'அமைவிடம்' என்ற பாடத்தை முதலாண்டு மாணவர்கள் என்னிடம்தான் தூங்கியபடி கற்கிறார்கள்.

எனக்கு உறைக்கவில்லை.

குடும்பத்தில் ஒரு படித்தவன் இருப்பது தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை இருப்பது மாதிரி. ரேஷன் அட்டையில் பெயர் திருத்தம், பட்டா மாறுதல், எல்லாம் என்னிடம் வரும். தமிழ்வாணன் தன் தொழிலைக் கூகுள் வரைபடத்தில் ஏற்றவேண்டுமென்றபோதும் என்னிடம்தான் வந்தான்.

"தமிழ் கிளீனிங் சர்வீஸ்னு போட்டுடு மாமா. முடிஞ்சிச்சு."

"உன் பேரே தமிழ்வாணன். கம்பெனிப் பேரை இங்கிலீஷ்ல வெச்சா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கிறவன் வூட்ல குளம் கீதா, அத்த சொல்லு."

நான் அதைக் கேட்கும் மனநிலையில் இல்லை. 'தமிழ்வாணன் நீச்சல்குளப் பராமரிப்பகம்' என்று ஏற்றினேன். ஏற்றிவிட்டு அவனுக்குக் காட்டினேன்.

"இன்னா மாமா இது, நடுவுல 'ப்'பு?"

"அது இல்லேன்னா தப்பு."

"இருந்தா மட்டும் குளம் சுத்தமாயிடுமா?"

முதல் வாரம் வந்த முதல் அழைப்பு மானாமதிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து. கோயில் குளத்தைத் தூர் வார வேண்டுமாம், சொந்தமாக ஜேசிபி இருக்கிறதா என்று கேட்டார்கள். இரண்டாவது அழைப்பு, ஆகாயத்தாமரை எடுப்பீர்களா என்று. தமிழ்வாணன் இரண்டு பேரிடமும் தன்னால் முடிந்த மரியாதையோடு மறுத்தான். அந்த மரியாதை போதவில்லை போலிருக்கிறது. அவன் பெயருக்குக் கீழே முதல் விமர்சனம் வந்தது: 'குளம் என்று போட்டுள்ளார். கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். ஏன் போட வேண்டும்?' ஒரு நட்சத்திரம்.

இதைச் சமன் செய்ய ஒரு ஐந்து நட்சத்திரம் தேவைப்பட்டது. நானே எழுதினேன். 'அன்னாரின் பணி அப்பழுக்கற்றது. நீரின் தெளிவு உள்ளத்தைக் கொள்ளை கொள்கிறது.' என் வீட்டில் நீச்சல் குளம் கிடையாது. குழாயில் குடிநீரே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. அது வந்த நாளில் என் உள்ளம் கொள்ளை போவது உண்மைதான் என்று மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு செய்திகள் சேர்ந்து வந்தன.

ஒன்று, நெம்மேலி தாண்டி 'வெண்மணல் வில்லாஸ்' என்ற குடியிருப்பு. வரிசையாகக் கடற்கரை வீடுகள், வீட்டுக்கு ஒரு குளம், பொதுவில் ஒரு பெரிய குளம். இதுவரை பார்த்துவந்த ஆள் ஊரை விட்டுப் போய்விட்டான். வருட ஒப்பந்தம் காலி. இதைச் சொன்னவர் அங்கே வாசல் காவலில் இருக்கும் எல்லப்பன். சொன்ன கையோடு எச்சரிக்கையும் செய்தார்: "செக்ரட்டரி அம்மா அடையாறுல கீறாங்க, அண்ணாத்த. யாரு போய் நின்னாலும் எடுபடாது. கூகுள்ல பார்த்துதான் ஆள் வெக்கும். தன் வூட்டுக் கொழாய் ஒழுவினாகூட ஸ்டார் எண்ணிப் பார்த்துட்டுதான் ஆளையே கூப்பிடும்."

இன்னொன்று, பழைய தொழிற்சாலையிலிருந்து சூப்பர்வைசர் தேவசகாயம் பேசினார். தமிழ்வாணன் இருந்த இடம் மறுபடி காலியாகியிருக்கிறது, மாதக் கடைசிவரை யாரையும் போடாமல் வைத்திருப்பதாகவும் அதற்கு மேல் தன்னால் முடியாதென்றும் சொன்னார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள்தான் நம்மை இப்படி இக்கட்டில் விடுவார்கள்.

தமிழ்வாணன் மனைவி திவ்யா அதே தொழிற்பேட்டையில் வேறொரு நிறுவனத்தின் அலுவலகத்தில் இருக்கிறாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "மாசக் கடைசிக்குள்ள வெண்மணல் வந்தா உங்க தொழில். வரலைன்னா ஷிப்டு. அதுக்கப்புறம் இதைப் பத்திப் பேச வேணாம்," என்றாள். தமிழ்வாணன் தலையாட்டினான். வண்டியைக் கழுவி மூடி வைத்துவிட்டு மறுபடி காக்கிச் சட்டை போடுவதென்பது அவனுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவன் அன்று சாப்பிடாததில் தெரிந்தது. அவன் சாப்பாட்டை விடுகிறவன் இல்லை.

அன்றிலிருந்து தேடத் தொடங்கினான். காலையில் எழுந்ததும் தண்டலத்தில் கட்டிலில் உட்கார்ந்தபடி போனில் 'நீச்சல் குளம் கிளீனிங்' என்று சொல்வான். முதல் பெயராக அவனே வருவான். அந்தம்மா தேடினால் நாம்தானே வருவோம் என்ற நிம்மதியோடு பல் துலக்கப் போவான். ஒருநாள் திவ்யா அலுவலகத்திலிருந்து தேடிவிட்டு, நான்காவதாக வருகிறார் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் சண்டை.

"யாரு போன்ல பார்த்த?"

"என் போன்லதான்."

"உன் போனுக்கு எம்மேல கடுப்பு. அதான்."

என்னிடம் விளக்கம் கேட்டு வந்தான். நான் யோசிக்காமல் விளக்கினேன். யோசிக்காமல் விளக்குவது என் தொழில்தானே. வாக்கு எண்ணிக்கை மாதிரி, சுற்றுக்குச் சுற்று மாறிக்கொண்டே இருக்கும், காலையில் முன்னிலை, மத்தியானம் பின்னடைவு, இறுதியில் ஜெயித்துவிடலாம் என்றேன். அவன் நம்பிக்கொண்டு போனான். இரண்டு மூன்று நாளில் திரும்பி வந்தான்.

"டைமு இல்ல மாமா. ஊரு."

"என்ன ஊரு?"

"வண்டிய எட்துகினு சுத்தி வந்துட்டேன். எங்க வூட்ல பார்த்தா மொதல்ல கீறேன். கேளம்பாக்கம் போனா மூணு. கோவளத்துல ஏழு. முட்டுக்காட்டுல படகு வுடற எடத்துல நின்னு தேடறேன், கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தா கீழ எங்கியோ கீது நம்ம பேரு. பாலம் தாண்டினேன்... ஆளே காணோம் மாமா. நான் செத்துட்ட மாதிரி கீது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேடுபவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து கூகுள் பதிலை மாற்றிக் கொடுக்கிறது. அருகில் இருப்பவனை முன்னால் காட்டுகிறது, தூரத்தில் இருப்பவனைத் தள்ளிவிடுகிறது. தூரம் கூடக் கூட மதிப்பு குறையும் என்பதை நான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். தேர்வில் கேட்டும் இருக்கிறேன். என் மைத்துனன் டீசல் போட்டு அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறான்.

இந்த நிலையில் ஒரு கல்வியாளன் என்ன செய்வானோ அதையே செய்தேன். பிரச்சினையைத் தீர்க்காமல் அதற்கு ஒரு வரைபடம் போட்டேன். அவன் தேடிய இடங்களைக் குறித்து, ஒரே தரவரிசை வரும் ஊர்களைக் கோட்டால் இணைத்தேன். மலைக்கு வரைகிற சம உயரக் கோடுகள் மாதிரி, தமிழ்வாணனின் புகழுக்குச் சம உயரக் கோடுகள். அழகாக வந்திருந்தது. நடுவில் சிகரம். அந்தச் சிகரம் அவன் வீட்டு மாட்டுக்கொட்டகையின் மேல் அமைந்திருந்தது. அங்கிருந்து எல்லாத் திசையிலும் சரிவு. கருத்தரங்கில் வாசிக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

சுஜாதா எட்டிப் பார்த்தாள். "அவனுக்கு வேலை போவுது. நீங்க கலர் பென்சில் சீவிக்கினு கீறீங்க."

செக்ரட்டரி அம்மா இருப்பது அடையாறில். எனவே அடையாறில் நின்று தேடிப் பார்ப்பதே முறை என்று முடிவெடுத்தேன். ஒரு சனிக்கிழமை அவன் வண்டியில் கிளம்பினோம். பின்னால் குளோரின் டப்பாக்கள் மோதிக்கொள்ள, முன்னால் நான் களஆய்வுக்குப் போகிறவனின் கம்பீரத்தோடு உட்கார்ந்திருந்தேன். அடையாறில் ஒரு பழச்சாறுக் கடை முன்னால் என்னை இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிப் போனான். அவன் வரும்வரை காத்திருப்பானேன் என்று நானே என் போனில் தேடினேன். முறைப்படி, சரியான சொல்லைத் தட்டச்சு செய்தேன்: நீச்சல்குளப் பராமரிப்பகம்.

தமிழ்வாணன் வியர்க்க விறுவிறுக்க வந்தான். "இன்னா மாமா, கீறோமா?"

"முதலிடம்."

"மெய்யாவா?"

போனைக் காட்டினேன். அவன் கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது. கடைக்காரரிடம், "அண்ணே, ரெண்டு சாத்துக்குடி, ஐஸ் போடாத, இவரு புரொபசரு, தொண்டை கட்டிக்கும்," என்றான். திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டே ஓட்டினான். நான் என் ஆய்வுமுறையின் சிறப்பை அவனுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

தண்டலத்தில் திவ்யா பொறுமையாகக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, என்னன்னு போட்டுத் தேடினீங்க?"

சொன்னேன்.

"அந்த 'ப்' போட்டா?"

"போட்டுத்தான்."

"இந்த வார்த்தைய உலகத்துல எழுதினது யாரு?"

"நான்தான்."

"தேடினது யாரு?"

அந்தச் சொல்லை அடையாறில் தேடினாலும் அண்டார்டிகாவில் தேடினாலும் தமிழ்வாணன்தான் முதலில் வருவான். அவனைத் தவிர வேறு எவனும் அந்தப் பெயரில் இல்லை. செக்ரட்டரி அம்மா அதைத் தட்டச்சு செய்ய, முதலில் அவர் என் மாணவியாக இருந்து தேறியிருக்க வேண்டும்.

"ரெண்டு ஜூஸு குடிச்சோம் மாமா," என்றான் தமிழ்வாணன் மெல்ல.

திவ்யா மடிக்கணினியைத் திறந்தாள். அவள் அலுவலகத்தில் விளம்பரப் பிரிவுக்காரர்கள் பயன்படுத்தும் ஒரு தளம் இருக்கிறதாம். புனேயில் தங்கள் விளம்பரம் எப்படித் தெரிகிறது என்று பார்க்க யாரும் புனேவுக்கு ரயில் ஏறுவதில்லை. ஊர்ப் பெயரைக் கொடுத்தால் போதும், அந்த ஊரில் நின்று தேடுகிறவருக்கு என்ன வருமோ அது அப்படியே வரும். அடையாறு என்று கொடுத்தாள். கடலோரச் சாலையில் நீச்சல் குளம் சுத்தம் செய்கிறவர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் டீசலையும் சாத்துக்குடியையும் நினைத்துக்கொண்டேன்.

தமிழ்வாணன் இல்லை. முதல் பக்கத்தில் இல்லை, இரண்டாவதில் இல்லை. அவள் தள்ளிக்கொண்டே போனாள். அவன் முகம் தொழிற்சாலை வாயில் பக்கம் திரும்பிக்கொண்டே போனது.

"நிறுத்து, நிறுத்து," என்றான் திடீரென்று. "மேல போ. மொதல்ல வந்துதே, அந்த கம்பெனி. அந்தப் படத்தப் பெருசு பண்ணு."

அடையாறிலிருந்து தேடினால் முதலில் வருவது அடையாறிலேயே இருக்கும் 'நீலத்துளி அக்வா சொல்யூஷன்ஸ்'. அதன் முகப்பில் ஒரு படம். நீலத் தண்ணீர், பக்கத்தில் ஒருவன் கோலோடு குனிந்து நிற்கிறான். பனியன் முதுகில் 'தண்டலம் நண்பர்கள் கபடிக் குழு' என்று எழுதியிருக்கிறது.

"இது நான்தான்!"

உத்தண்டியில் ஒரு வீட்டுக்கு அந்தக் கம்பெனி கூலிக்கு ஆள் கேட்டபோது இவன் போயிருக்கிறான். அதன் மேலாளர் விஷால் அப்போது எடுத்த படம். ஆக அடையாறில் இவன் இல்லாமல் இல்லை, முதலிடத்திலேயே இருக்கிறான். வேறொருவன் பெயரில் இருக்கிறான், அவ்வளவுதான். இதற்கு என் வரைபடத்தில் கோடு எதுவும் இல்லை.

"கேஸு போட்லாமா மாமா?" என்றான். நான் அறிவுசார் உடைமை பற்றித் தொடங்கினேன். திவ்யா மடிக்கணினியை மூடினாள்.

அதற்கு அடுத்த வாரம் விஷாலே பேசினான். "ப்ரோ, சண்டே ஒரு டெமோ இருக்கு. வெண்மணல் வில்லாஸ்னு, நெம்மேலி சைடு. உங்களுக்குப் பக்கம்தானே? காமன் குளத்தை மட்டும் பளிச்சுன்னு பண்ணிக் காட்டணும். செக்ரட்டரி வர்றாங்க. அவங்களுக்குப் பிடிச்சா வருஷ கான்ட்ராக்ட் நமக்குத்தான். டீஷர்ட் நான் கொண்டு வர்றேன். க்ளையண்ட்கிட்ட நீங்க எதுவும் பேச வேணாம், நான் பேசிக்கறேன்."

தமிழ்வாணன் போனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தான். அவன் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த வாசல் திறந்துவிட்டது. உள்ளே வேறொருவன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

நான் நடைமுறை அறிவோடு பேசினேன். "பேசாமப் போ. அவங்களுக்குக் கான்ட்ராக்ட் கெடைச்சா வேலை உனக்குத்தானே வரும்? பேர்ல என்ன இருக்கு?" ஒற்றெழுத்துக்காக ஒரு தொழிலையே குளத்தில் தள்ளியவன் பேசுகிற பேச்சு.

திவ்யா சொன்னாள்: "அதுக்கு ஃபேக்டரிக்கே போயிடலாமே. அங்கயும் டீஷர்ட் தர்றாங்க. பி.எஃப்பும் தர்றாங்க."

ஞாயிறு காலை சென்றோம். நான் ஆலோசகனாகச் சென்றேன். ஆலோசகனின் பணி, குழாய் மடங்காமல் பிடித்துக்கொண்டு நிற்பது. விஷால் சிரித்த முகமாக, வாசனையாக இருந்தான். நீலநிற டீஷர்ட்டைக் கொடுத்தான். தமிழ்வாணன் வாங்கிப் போட்டுக்கொண்டான். அளவு சின்னது. குனிந்தபோதெல்லாம் மேலேறியது. குளத்தைத் தேய்த்தான், உறிஞ்சினான், வடிகட்டியைக் கழற்றி உப்பேறிய திருகுகளைத் தட்டி மாட்டினான். தண்ணீர் தெளிய ஆரம்பித்தபோது செக்ரட்டரி அம்மா தொப்பி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். பெயர் வைஷாலி. நேரே தமிழ்வாணனிடம் வந்தார்.

"ஒரு நிமிஷம். நீங்கதானே அந்த போட்டோல இருக்கிறவர்? கபடி பனியன்?"

விஷால் முந்திக்கொண்டான். "நம்ம சீனியர் டெக்னீஷியன், மேடம்."

"எவ்வளவு நாளா இவங்ககிட்ட இருக்கீங்க?" அவர் தமிழ்வாணனைத்தான் கேட்டார்.

விஷால் சிரிப்பை மாற்றாமல் அவனைப் பார்த்தான். நான் குழாயைப் பார்த்தேன்.

"டீஷர்ட்டு காலைலதான் குடுத்தாங்க, மேடம்," என்றான் தமிழ்வாணன்.

வாசலில் எல்லப்பன் இருமினார். அம்மா தொப்பியை மேலே தள்ளினார். "அப்ப நீங்க யாரு?"

"தண்டலம், மேடம். திருப்போரூரு பக்கத்துல. சொந்தமா பண்றேன்."

"சொந்தமாவா? நான் அவ்ளோ தேடினேன், இந்தப் பக்கம் யாருமே வரலையே?"

"அடையாறுல தேடினா நான் வரமாட்டேன் மேடம். இங்க நின்னு தேடுங்க."

அவர் அங்கேயே நின்று தேடினார். குளத்தோரம் வெயிலில் போனைக் கையால் மறைத்துக்கொண்டு படித்தார். கண்டுபிடித்துவிட்டார் என்பது அவர் திக்கியதில் தெரிந்தது. "நீச்சல்... குளப்... பரா... இதுவா? இது இந்தக் குளம்தானா, கோயில் குளமா?" விமர்சனங்களைத் திறந்தார். ஒற்றை நட்சத்திரத்தைப் படித்துச் சத்தமாகச் சிரித்தார். அடுத்ததைப் படித்தபோது சிரிப்பு நின்றது. "'அன்னாரின் பணி அப்பழுக்கற்றது. உள்ளத்தைக் கொள்ளை...' யார் இவர்? எந்த வில்லா?"

தமிழ்வாணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். கடல் நன்றாக இருந்தது.

"வில்லா இல்ல மேடம். எங்க அக்கா வூட்டுக்காரரு. தோ, குழாய் புடிச்சிகினு கீறாரே."

அம்மா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "சார், அந்த ஒரு ஸ்டாரைப் பார்த்தா நம்பிக்கை வருது. நீங்க எழுதினதைப் பார்த்தாதான் ஏதோ ஏமாத்துற மாதிரி இருக்கு."

விஷால் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்தான். "அதான் மேடம், லோக்கல் ஆளுங்ககிட்ட பேக்கப் இருக்காது. எங்ககிட்ட டீம் இருக்கு."

"மோட்டார் நின்னுபோச்சுன்னா யார் வருவாங்க?"

"எங்க டீம் வந்துடும்."

"இந்தப் பக்கத்துல உங்க டீம்ல யாரு?"

விஷாலின் கண் ஒரு கணம் தமிழ்வாணன் பக்கம் போய்விட்டு வந்தது. அம்மாவும் அதே கணம் அந்தப் பக்கம் பார்த்தார்.

"குளம் இங்க இருக்கு. ஆளு தண்டலத்துல இருக்காரு. நடுவுல அடையாறு எதுக்கு?" என்றார். அடையாறில் வீடுள்ளவர் இதைச் சொல்வதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. சுட்டிக்காட்ட அது நேரமில்லை.

அவர் வருட ஒப்பந்தம் கொடுக்கவில்லை. மூன்று மாதம் பார்ப்போம், சரியாக இருந்தால் பிறகு யோசிக்கலாம் என்றார். ரசீது முறையாக வேண்டும், தண்ணீர்ப் பரிசோதனை முடிவை வாரா வாரம் அனுப்ப வேண்டும், என் விமர்சனத்தை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். மூன்றுக்கும் தமிழ்வாணன் சம்மதித்தான். மூன்றாவதற்கு என்னைக் கேட்கவே இல்லை. டீஷர்ட்டைக் கழற்றி, மடித்து, விஷாலிடம் கொடுத்தான். விஷால் கோபப்பட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவன், "பரவால்ல ப்ரோ, உத்தண்டில ஆள் வேணும்னா கூப்பிடறேன்," என்றுதான் சொன்னான்.

வழியில் மீன் வாங்கிக்கொண்டு தண்டலம் போனோம். சுஜாதாவும் அங்கே வந்திருந்தாள். தமிழ்வாணன் நடந்ததை இரண்டு முறை சொன்னான். இரண்டாவது முறையில் நான் கடலைப் பார்த்த நேரம் கூடிப்போயிருந்தது. திவ்யா மீனைத் திருப்பிப் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் குரல் இறங்கியது.

"வெண்மணல் வந்தா என் தொழில்னு சொன்ன. மூணு மாசம்தான் கெடச்சிகீது. கணக்குப்படி பார்த்தா... தேவசகாயம் சாருக்கு நாளைக்கு இன்னா சொல்றது?"

"சொல்லியாச்சு."

"யாரு?"

"நான்தான். வெள்ளிக்கிழமையே எங்க பேட்டை கேன்டீன்ல பார்த்துச் சொல்லிட்டேன், வேற ஆள் போட்டுக்கங்க சார்னு."

தமிழ்வாணன் எழுந்து நின்றுவிட்டான். "வெள்ளிக்கிழமையா? இன்னிக்கி தானே அந்தம்மாவையே பார்த்தேன்! இது கெடைக்கலைன்னா இன்னாடி பண்ணியிருப்ப?"

"அங்க ஷிப்டுக்குப் போனப்ப வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த பேச மாட்டீங்க. வந்ததும் படுத்துடுவீங்க. இப்ப, கேளம்பாக்கத்துல மூணு, கோவளத்துல ஏழுன்னு பேச்ச நிறுத்த முடியல. தலவலிதான். ஆனா அதுக்கு இது தேவல." அவள் அடுப்பைத் தணித்தாள். "உக்காருங்க, ஆறிடும்."

அவன் உட்கார்ந்தான். நான் இதில் ஏதோ ஒரு பொதுவிதி இருப்பதாகத் தோன்றி, சொல்ல வாயெடுத்தேன். சுஜாதா என் தட்டில் நிறைய முள்ளுள்ள ஒரு துண்டாகப் பார்த்து வைத்தாள்.